ஏபிஎஸ் விளக்கு எரிந்தால்



கரடுமுரடான பாதையில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிகிறதா? பிரேக் பிடிக்கும், ஆனால் அவசரத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கலாம்.

எந்தச் சக்கரத்தில் கோளாறு என்பதை ஸ்கேனர் காட்டிவிடும். முன்சக்கர வேக சென்சாரின் ஒயர், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வளைகிறது. மேலுறை நன்றாக இருந்தாலும் உள்ளே செம்புக்கம்பி அறுந்திருக்கலாம். பழைய காந்தச்சுருள் சென்சார் என்றால், பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பார்த்தபடியே ஒயரை மெல்ல வளையுங்கள். அளவு துள்ளும் இடம்தான் முறிவு.

அசையாத பகுதி என்றால் பற்றவைத்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடலாம். வெறும் டேப் தண்ணீரைத் தடுக்காது. வளையும் பகுதியில் பற்று நிலைக்காது. அங்கே ஒயரோடு சென்சாரையே மாற்றுங்கள்.

கிளிப்புகளை மாட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஒயர் டயரில் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.