ஒரு கைக்குள் அடங்கிய விசைகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் பத்தி பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார்கள். பெரிய ஆராய்ச்சி எதுவும் என் கையில் இல்லை. சிவகாசியில் ஓர் அச்சக ஆபீஸில் என் பெரியப்பா மகன் அண்ணனுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்த கதைதான் இருக்கிறது.

அண்ணன் முதலில் பட்டாசு வேலை பார்த்தவர். மருந்து பற்றியதில் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். விரல் போனவர்களை யாரும் எண்ணி வைப்பதில்லை. அது கிடக்கட்டும். கை ஆறியதும் தமிழ்99 பழகி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை மேட்டர் அடிக்கும் வேலைக்கு வந்தார்.

டிசைன் எல்லாம் அங்கே கோரல்டிராதான். மேட்டர் அடிக்க மட்டும் ஒரு பழைய மெஷின். அதில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு லினக்ஸ் ஏற்றினேன். அடிப்பதில் அண்ணனுக்குக் குறையில்லை, ஷார்ட்கட்தான் தகராறு. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே 'சி' அடிக்க வேண்டும் என்றால் எந்தக் கையால் அடிப்பார்?

இரண்டு கை இருக்கிறது என்று நம்பித்தான் கீபோர்டே பிறந்திருக்கிறது. 1981-ல் வந்த ஐபிஎம் பி.சி.யில் மெஷினை மறுபடி துவக்க டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் முதலில் வைத்தது கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். இடது கை தவறிப் பட்டாலே எல்லாம் போய்விடும் என்று, எஸ்கேப்பை எடுத்துவிட்டு வலது கோடியில் இருந்த டெலீட்டை வைத்தார். ஒரு கையால் முடியக்கூடாது என்பதே நோக்கம். நல்ல யோசனைதான், அண்ணன் மாதிரி ஆட்களை விட்டுவிட்டுப் பார்த்தால்.

முதலில் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் போட்டேன். கன்ட்ரோலைத் தட்டி விட்டுவிடலாம், பிறகு 'சி' தட்டினால் போதும். அரை நாள் ஓடியது. பிறகு "தம்பி, தானா நின்னு போகுது" என்று போன். போய்ப் பார்த்தால், இரண்டு கீ ஒன்றாக அழுந்தினால் வசதி அணைந்துவிடும் என்று ஓர் அமைப்பு டிக் ஆகியிருந்தது. அவர் இடது உள்ளங்கை பட்டதெல்லாம் இரண்டு கீ! டிக்கை எடுத்தேன், சரியானது.

அடுத்து பழைய காலத்து ஷார்ட்கட்டுகளைத் தோண்டினேன். கன்ட்ரோல்-இன்செர்ட் காப்பி, ஷிஃப்ட்-இன்செர்ட் பேஸ்ட், ஷிஃப்ட்-டெலீட் கட். மூன்றும் வலது பக்கமே இருக்கின்றன. லிப்ரே ஆபீஸ் இன்றைக்கும் அதை மதிக்கிறது. நம்மில் பலருக்கு இது மறந்தே போயிற்று.

மீதியை நானே அமைத்தேன். செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ். "சேர்" கொடுத்து, ஓடவேண்டிய கட்டளையை எழுதி, வேண்டிய கீயை ஒரு தட்டு. அவ்வளவுதான். ஸ்க்ரோல் லாக், பாஸ் என்று யாரும் தொடாத இரண்டு கீ சும்மா கிடக்கிறதே! ஸ்க்ரோல் லாக்குக்கு ஸ்க்ரீன்ஷாட். பாஸுக்கு தமிழ்-ஆங்கில மாற்றம், அதை மட்டும் ஐபஸ்ஸின் அமைப்பில் போய் வைத்தேன். எஃப்10-க்கு அன்றைய புரூஃப் ஃபோல்டர்.

அந்த உற்சாகத்தில் தமிழ்99-லும் கைவைக்கப் பார்த்தேன். அதில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி ஓடும் அழகே அதுதான். அண்ணனுக்கோ அதுவே பாரம், வலது கை முழுக் கீபோர்டும் நடக்க வேண்டும். எம்17என் அமைப்பில் அது வெறும் எழுத்துக் கோப்பு. பிரதி எடுத்துத் திருத்தி, உயிரெழுத்தையும் வலது பக்கம் கொண்டுவரலாம் என்றேன்.

"வேண்டாம் தம்பி" என்றார். "நாளைக்கு இங்கே வேலை இல்லைன்னு சொல்லிட்டா வேற ஆபீஸுல போய் உட்காரணும். அங்கே உன் கீபோர்டுக்கு எங்கே போவேன்?"

நான் பதில் சொல்லவில்லை. ஷார்ட்கட் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். லினக்ஸ் இருக்கிற இடத்துக்காவது கூட வரும். லேஅவுட்டைத் தொடவில்லை.

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் போடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முந்தைய வாரம் போனேன், ஆபீஸில் நிற்க இடமில்லை. அண்ணன் நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தார். நான் புரூஃபைத் திறக்க எஃப்10-ஐ அமுக்கினேன், லிப்ரே ஆபீஸின் மெனு வந்து நின்றது.

"என்னண்ணே, மாத்திட்டீங்களா?"

"நீ டெஸ்க்டாப்புக்கு அந்தக் கீயைப் பிடுங்கி வச்சுட்டே. அப்புறம் லிப்ரே ஆபீஸுக்கு அது போய்ச் சேரவே இல்லை. மவுஸைத் தொடாம மெனு திறக்க எனக்கு அதுதான் வழி. உன் ஃபோல்டரை எஃப்8-க்குத் தள்ளிட்டேன்" என்றார். "யாரைக் கேட்டு?" என்று கேட்கவா முடியும்? எஃப்8-ஐ அமுக்கினேன். திறந்தது.