வீட்டுச் சொல்லும் விருந்தினர் செவியும்

விருந்தினரை அழைக்கும்போது எவரும் சொற்களைத் தெரிந்தே எடுத்தாளுவர். நாடுகளும் அவ்வாறே செய்கின்றன. உலக மக்களைத் தத்தம் கரைக்கு அழைக்கும் சுற்றுலா விளம்பரங்களிலே அழகு, அமைதி, அற்புதம் முதலிய சொற்கள் மலிந்து கிடப்பதை நேயர்கள் அறிவர். இவ்வழக்கத்துக்கு மாறாக, அரசாங்க நிறுவனம் ஒன்றே வசைச்சொல் ஒன்றை அழைப்பிலே பொறித்து உலகெங்கும் அனுப்பியதுண்டு. அந்நாடு அவுஸ்திரேலியா, ஆண்டு 2006.

அவ்விளம்பரத்தின் அமைப்பு எளியது. அவுஸ்திரேலிய மக்கள் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றி, வரப்போகும் விருந்தினருக்காகத் தாம் செய்துவைத்த ஆயத்தங்களைக் கூறுகின்றனர். ஒருவர் பியர் வாங்கி வைத்துவிட்டதாகச் சொல்கிறார். ஒட்டகங்களைக் குளிப்பாட்டியாயிற்று என்கிறார் இன்னொருவர். நீச்சற் குளத்திலிருந்து சுறாக்களை வெளியேற்றியாயிற்று என்கிறது வேறொரு குரல். நடனமாடும் ஆதிக்குடிகள் நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒத்திகை பார்த்து வருவதாக அறிவிக்கின்றனர். இறுதியிலே கடற்கரையில் நிற்கும் இளம்பெண் ஒருத்தி, "சோ, வேர் த பிளடி ஹெல் ஆர் யூ?" என்று வினவுகிறாள்.

இவ்வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரத்தமும் நரகமும் வந்து நிற்கும். கருத்தைப் பெயர்த்தால், "எல்லாம் ஆயத்தம், நீங்கள் எங்கேதான் தொலைந்து போனீர்கள்?" என்பதே பொருளாகும். தமிழிலும் இத்தகைய பேச்சு உண்டு. பல மாதம் காணாத நண்பனைச் சந்தியிலே கண்ட ஒருவன், "எங்கேயடா தொலைந்து போனாய்?" என்று கேட்டால், அதில் அன்பன்றி வேறொன்றும் இல்லை. முன்பின் அறியாத ஒருவன் அதே சொற்களைக் கூறினால் கைகலப்பும் நேரலாம். சொல் ஒன்றே, பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலுள்ள உறவே வேறு.

'பிளடி' என்ற சொல் அவுஸ்திரேலிய மண்ணில் முளைத்ததன்று. கைதிகளை ஏற்றிவந்த முதலாவது கப்பல் தொகுதி 1788 இல் அங்கே கரைசேர்ந்தது. அக்கைதிகளோடும், அவர்களைக் காவல் செய்த படைவீரர்களோடும், பின்வந்த தொழிலாளரோடும் பிரித்தானியத் தெருமொழி குடியேறிற்று. 1847 இல் நியூ சவுத் வேல்ஸ் பற்றிய தமது பிரயாண நூலை வெளியிட்ட அலெக்சாந்தர் மார்ஜரிபாங்க்ஸ் என்பார், மாட்டுவண்டிக்காரன் ஒருவன் இச்சொல்லை எத்தனை முறை பயன்படுத்துகிறான் என்று எண்ணிப் பார்த்தார். அதே வேகத்தில் ஐம்பது ஆண்டுகள் பேசினால், அவன் வாயிலிருந்து இச்சொல் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை வெளிவரும் என்று அருவருப்போடு கணக்கிட்டார். 1894 இலோ, சிட்னியில் வெளிவந்த 'புல்லட்டின்' பத்திரிகை இதனையே அவுஸ்திரேலிய அடைமொழி என்று குறிப்பிட்டது. பயணியின் காதிலே இழிவாக ஒலித்த சொல், அரை நூற்றாண்டு கழியுமுன் அந்நாட்டாரின் அடையாளமாகிவிட்டது.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே அது கண்ணியமான சபையில் எழக்கூடாத சொல்லாகவே நெடுங்காலம் இருந்தது. 1914 இல் பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்திலே நடிகை ஒருவர் மேடையில் அதனை உச்சரித்தபோது இலண்டன் நகரே பரபரப்படைந்தது. பிரித்தானியர் ஆட்சி நிலவிய இலங்கையிலும் அது அதட்டலாகவும் வசையாகவுமே செவியில் விழுந்தது.

அவுஸ்திரேலியாவில் அச்சொல் நற்பணியும் ஆற்றியுள்ளது. மதுபோதையில் வாகனம் ஓட்டுவதைத் தடுக்க முயன்ற விக்டோரியா மாநிலத்தின் போக்குவரத்து விபத்து ஆணைக்குழு, 1989 இல் ஒரு விளம்பரத்தைத் தொடங்கிற்று. குடித்துவிட்டு ஓட்டுபவன் 'பிளடி' முட்டாள் என்பதே அதன் சாரம். அரசாங்கம் அவமதித்துவிட்டது என்று எவரும் அதனைத் தள்ளிவிடவில்லை. சகோதரன் தலையில் குட்டும் குட்டைப்போல ஏற்றுக்கொண்டனர். சொன்னவரும் கேட்டவரும் ஒரே வீட்டார்.

அயலாரை அழைப்பது எப்படி என்பதற்கும் அந்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. 1984 இல் அமெரிக்க மக்களை நோக்கி ஒரு விளம்பரம் ஒளிபரப்பாயிற்று. சிட்னித் துறைமுகப் பாலத்தில் ஒருகாலத்தில் தொழிலாளியாக இருந்து, பின் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற போல் ஹோகன் அதில் தோன்றினார். தணலடுப்பிலே விருந்தினருக்காக இன்னும் ஓர் இறால் போட்டு வைப்பதாக அவர் வாக்களித்தார். தணலடுப்புக்கு அவர் சொன்ன 'பார்பி' என்ற சுருக்கப் பெயர் முழுமையான அவுஸ்திரேலிய வழக்கு. இறாலுக்குச் சொன்ன பெயரோ அவர் நாட்டு வழக்கன்று. அவுஸ்திரேலியர் அதனைப் 'பிரோன்' என்பர். அமெரிக்கருக்குப் பழகிய சொல் 'சிறிம்ப்'. கேட்போருக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத் தம் வீட்டுச் சொல் ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தார். ஊரார் சிலர் இதனைக் கேலி செய்ததுண்டு. ஆயினும் அவரது நகையும் தோழமையும் சிதையவில்லை; அழைப்பு அமெரிக்கரின் உள்ளத்தைத் தொட்டது.

2006 இல் நடந்தது இதற்கு எதிர்மாறு. சொல் காப்பாற்றப்பட்டது, தோழமைதான் வழியில் உதிர்ந்தது. பிரித்தானியாவில் தொலைக்காட்சி விளம்பரங்களை முன்கூட்டியே பரிசீலிக்கும் நிலையம் அவ்வாசகத்துக்குத் தடை விதித்தது. சுற்றுலா அமைச்சர் பிரான் பெயிலி இலண்டனுக்கே சென்று வாதாடினார், தடை நீங்கிற்று. ஆயினும் 2007 இல் பிரித்தானிய விளம்பர நியம அதிகாரசபை, வீதியோரப் பலகைகளிலிருந்து அவ்வாசகத்தை அகற்றுமாறு பணித்தது. சிங்கப்பூரில் வசைச்சொற்கள் நீக்கப்பட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்ற வெறுங்கேள்வியே எஞ்சிற்று. கனடாவிலோ பியர் பற்றிய முதல் வரியே ஆட்சேபத்துக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 18 கோடி அவுஸ்திரேலிய டொலர் செலவில் வகுக்கப்பட்ட திட்டம் 2008 இல் கைவிடப்பட்டது.

தடைகளால் விளம்பரத்துக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமன்று என்று அதனை ஆதரித்தோர் கூறினர். அதில் உண்மை உண்டு. செய்தித்தாள்கள் பணம் பெறாமலே அவ்வாசகத்தை உலகெங்கும் பரப்பின. உல்லாசப் பயணிகளின் தொகையும் ஒரு வாசகத்தால் மட்டும் கூடுவதோ குறைவதோ இல்லை. நாணய மாற்று, விமானக் கட்டணம், தூரம் ஆகிய அனைத்தும் அதனைத் தீர்மானிக்கின்றன. ஆயினும் ஓர் அழைப்பைப் பற்றிய விவாதம் அழைப்பாகாது. அழைக்கப்பட்டவர் வாயிலில் நின்று, இது அன்பா, அவமதிப்பா என்று ஆராயும் நிலை வந்தபின் விருந்தின் சுவை குன்றிவிடுகிறது.

இதனால் அவுஸ்திரேலியர் தம் பேச்சைக் குறித்து வெட்கப்படவேண்டும் என்பது கருத்தன்று. உழைப்பாளியும் அமைச்சரும் ஒரே சொல்லால் பேசிக்கொள்வது அம்மக்கள் பெருமையோடு போற்றும் சமத்துவம். 2005 இல் கன்பராப் பாராளுமன்றக் காவலர், வருவோரை 'மேட்', அதாவது தோழரே, என்று விளிக்கலாகாது என்று கட்டளை பிறந்தபோது, எழுந்த எதிர்ப்பினால் ஒரே நாளில் அது மாற்றப்பட்டது. அத்தகைய மக்கள் தம் உண்மைக் குரலிலேயே உலகை அழைக்க விரும்பியது இயல்பே. ஆனால் பழகிப்பழகி உண்டான உரிமை விளம்பரப் பலகையில் ஏறுவதில்லை. அங்கே ஏறுவது எழுத்து மட்டுமே.

2022 இல் அவுஸ்திரேலியா வெளியிட்ட அழைப்பு, வந்து 'கிடே' சொல்லுங்கள் என்பதாகும். நல்ல நாள் என்று வாழ்த்தும் ஆங்கிலத் தொடரின் நாட்டுவழக்குச் சுருக்கம் அது. அதுவும் தெருமொழியே; அதுவும் அவுஸ்திரேலியாவின் சொந்தச் சொல்லே. ஆனால் அதைக் கேட்பவர், தம்மை ஏசுகிறார்களோ என்று ஐயுற வேண்டியதில்லை. திருப்பிச் சொல்லவும் முடியும்.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாகவும், இனியவை கூறல் அதற்கு அடுத்ததாகவும் அமைந்துள்ளன. இனிய சொல் என்பது மெருகேற்றிய சொல் மட்டுமன்று; கேட்பவன் செவியிலும் இனிமையாகவே போய்ச் சேரும் சொல். வீட்டிலே செல்லமாக வழங்கும் சொல்லைப் படலைக்கு வெளியே எடுத்துச் செல்பவர், அங்கே நிற்பவர் அதனை எவ்வாறு கேட்பார் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.