பழைய மோட்டார் சைக்கிளைப் பேணுதல்



பழம்பொருள்களைப் பேணுவோர் நம் நாட்டில் பல வகையினர். ஓலைச்சுவடி சேர்ப்போர் உளர். நாணயம் சேர்ப்போர் உளர். பாட்டனார் காலத்துக் குத்துவிளக்கை வீடு மாறும்போதெல்லாம் உடன் சுமந்து செல்வோர், வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் மிகப் பலர். இவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க வேறொரு வகையினரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அவர்கள் பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர்கள். சுவடி பெட்டியில் இருந்தாலும் சுவடியே. நாணயம் செலவாகாவிட்டாலும் நாணயமே. மோட்டார் சைக்கிளோ ஓடினால்தான் மோட்டார் சைக்கிள். ஓடாமல் நிற்பது நாளடைவில் வெறும் இரும்பாகிவிடும். ஆகவே அதனைப் பேணுவது என்றால் ஓடும் நிலையில் பேணுவது என்றே பொருள். அதில் உள்ள இன்பம் யாது, இடர் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மோட்டார் சைக்கிளின் வரலாறு நெடியதன்று. 1885-இல் ஜெர்மனியில் டைம்லர் என்பார் மரச்சட்டம் ஒன்றில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டச் செய்தார். 1894-இல் மியூனிக் நகரில் விற்பனைக்கென்றே வண்டிகள் செய்யத் தொடங்கினர். இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அக்கம்பெனி 1932-இல் ஒரு வண்டிக்கு இட்ட பெயரே நாம் அனைவரும் அறிந்த 'புல்லட்' என்பது.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடியவை பிறநாட்டு வண்டிகளே. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையினர் ஓட்டிய பி.எஸ்.ஏ., நார்ட்டன், மாட்ச்லெஸ் வண்டிகளுள் பல, போர் முடிந்தபின் இங்கேயே தங்கிவிட்டன. தில்லியில் நீண்ட காலம் வாழ்ந்த தமிழர்கள் 'பட்பட்டி' என்னும் வாகனத்தை மறந்திருக்க மாட்டார்கள். போர்க்காலத்து ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளின் முன்பகுதியோடு, பின்னே பலர் அமரும் ஒரு பெட்டியைப் பிணைத்துச் செய்த மூன்றுசக்கர வண்டி அது. கன்னாட் பிளேசிலிருந்து பழைய தில்லிக்கு ஆள் ஏற்றிச் சென்ற அந்தப் பட்பட்டிகள் 1990-களின் இறுதியில் தெருவை விட்டு நீங்கின. கரோல்பாகுப் பகுதியில் வாழ்ந்த நம் முதியோர் சிலர், அலுவலகம் சென்ற நாள்களை நினைவுகூரும்போது முதலில் சொல்வது அந்த ஓசையைத்தான்.

நாடு விடுதலை பெற்றபின் நிலைமை மாறிற்று. இந்தியப் படைக்கு எல்லைப்புறங்களில் ஓட்ட உறுதியான வண்டி தேவைப்பட்டது, புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னையிலிருந்த மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் ரெடிச் கம்பெனியும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் கப்பலில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர். சில ஆண்டுகளுக்குள் அவ்வுறுப்புகளைத் திருவொற்றியூரிலேயே செய்யக் கற்றனர். பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அக்கம்பெனியின் வேலையே நின்றது. 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. தாய்வீட்டில் விளக்கு அணைந்தபின் புகுந்த வீட்டிலிருந்து நெருப்புச் சென்றதைப் போன்றது இது.

மைசூருக்கும் இத்தகைய பெருமை உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் ஜானெசெக் என்பவர் வாண்டரர் என்னும் வண்டியின் உரிமையைப் பெற்று 1929-இல் தொடங்கிய தொழிலுக்கு, இரு பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'ஜாவா' என்று பெயர் வந்தது. 1961 முதல் அந்த 250 சி.சி. வண்டியை மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனியார் செய்தனர்; 1970-களில் அது 'எஸ்டி' என்னும் பெயர் பூண்டது. ஒரே நெம்புகோல் முதலில் கிக்கராகவும், முன்னே சாய்த்தால் கியராகவும் பயன்படுவது அதன் தனிச்சிறப்பு. தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. எனினும் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களின் இரண்டாம் ஞாயிறன்று பல நகரங்களில் ஜாவா, எஸ்டி உரிமையாளர்கள் வண்டிகளோடு கூடுகின்றனர். வடநாட்டில் பால்காரர்களின் நண்பனாக விளங்கிய ராஜ்தூத் வண்டியும், 1973-இல் வெளிவந்த 'பாபி' படத்தால் புகழ்பெற்ற அதன் சிறிய உடன்பிறப்பும் இவ்வாறே இன்று அன்போடு தேடப்படுகின்றன.

புதிய வண்டிகள் வேகமும் வசதியும் மிக்கவையாய் இருக்க, பழையதன் மீது இத்துணைப் பற்று ஏன் என்று கேட்கலாம். பழைய புல்லட்டை ஒருமுறை கிளப்பிப் பார்த்தவர் இக்கேள்வியைக் கேட்கமாட்டார். புதிய வண்டிக்குப் பொத்தானை அழுத்தினால் போதும். பழைய புல்லட்டிலோ பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். விளக்கருகில் உள்ள ஆம்ப்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியை நெருங்கும் கணத்தில் அது நடுவுக்கு மீளும். உடனே டிகம்ப்ரஸர் என்னும் சிறு பிடியை இழுத்து, கிக்கரை இன்னும் சிறிது தாழ்த்தி, பிடியை விட்டு, கிக்கர் மேலே வந்தபின் ஒரே உதையாக உதைக்க வேண்டும். முறை பிறழ்ந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். 350 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். நீண்ட ஏற்றமும் கனத்த ஃபிளைவீலும் உள்ளமையால் அதன் ஒலி நிதானமாகவும் ஆழ்ந்தும் எழுகிறது. உள்ளே நிகழ்வதைக் காலாலும் காதாலும் அறிந்து ஓட்டும் வண்டி அது. அறிந்து ஓட்டுவதில் உள்ள இன்பமே பழைமைப் பற்றின் வேர் என்று கருதுகிறோம்.

இனி, இடரைப் பற்றிக் கூறுவோம். பழைய வண்டி கையில் வந்தவுடன் பலருக்கும் தோன்றும் ஆசை, அதனைப் புத்தம் புதியதாக ஆக்கிவிட வேண்டும் என்பது. டாங்கை மாற்றுவர், பளபளக்கும் முலாம் பூசுவர், எஞ்சினை அடியோடு பிரிப்பர். சிலிண்டர் தேய்ந்தால் அதன் துளையைச் சற்றே பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவது வழக்கம். ஒரு முறைக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர் குடைவர். இவ்வாறு ஒரு சில முறையே குடைய இயலும். அதன்பின் சுவர் மெலிந்துபோகும். உள்ளே புதிய உறை இறக்க நேரும். ஆதலால் தேவையின்றி ஒரு முறை குடைவது, வண்டியின் எஞ்சிய ஆயுளில் ஒரு பங்கை வீணே செலவிடுவதாகும். புதிதாக்குவது வேறு, மீட்பது வேறு. மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டுள்ள நமக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். மூலத்தில் இல்லாத அணியைச் சேர்ப்பவனும், கரடுமுரடாக இருக்கிறதென்று மூலத்தின் சொல்லை நீக்குபவனும் நல்ல மொழிபெயர்ப்பாளன் ஆகான்.

நம் தந்தையார் 1972-இல் திருச்சிராப்பள்ளியில் வாங்கிய புல்லட் ஒன்று, அவர் காலத்துக்குப் பின் ரயிலில் தில்லி வந்து சேர்ந்தது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி தலைநகரில் ஓடலாகாது என்னும் விதியால், குடியிருப்பின் படிக்கட்டடியில் பல ஆண்டுகள் நின்றது. அதனை மீட்க முற்பட்டபோது ஒரு பட்டறையார், சிலிண்டரைக் குடைந்து, டாங்கை மாற்றி, பழைய உறுப்புகளைக் கழித்துவிடலாம் என்று கணக்கு எழுதிக் கொடுத்தனர். பின்னர் கரோல்பாகில், வாழ்நாள் முழுவதும் புல்லட்டுகளோடு கழித்த ஒரு முதிய உஸ்தாதிடம் சென்றோம். அவர் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரை அளந்து பார்த்து, "குடைய வேண்டியதில்லை, பாபுஜி, ரிங்கு மாற்றினால் போதும்" என்றார்.

அதன்பின் கியர்பெட்டியைத் திறந்தார். கிக்கர் தண்டு சுழலும் இடத்தில், கம்பெனி புஷ்ஷுக்குப் பதிலாக வெண்கலத்தில் கடைந்த ஒரு புஷ் இருந்தது. அதனைத் துடைத்து, விரலை உள்ளே விட்டுத் தடவி, நெடுநேரம் பார்த்தார். "இது கடையில் வாங்கியதன்று. எவரோ ஓர் உஸ்தாத் உட்கார்ந்து செய்திருக்கிறார். நான் செய்தாலும் இப்படித்தான் செய்வேன். இதைத் தொடமாட்டேன்" என்று சொல்லி, அதனை அவ்வாறே வைத்து மூடினார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், எந்த ஆண்டிலோ, பெயர் தெரியாத ஒரு திருச்சிராப்பள்ளி மெக்கானிக் செய்த வேலையை, அவர் மொழி ஒரு சொல்லும் அறியாத மற்றொருவர் படித்துவிட்டார். அந்தக் கழிவுக் கணக்கின்படி நடந்திருந்தால் அந்த வெண்கலப் புஷ் எடைக்குப் போயிருக்கும்.

அந்த உஸ்தாதின் பட்டறையில் இப்போது வேலை கற்க வருவோர் இல்லை. கணினி பொருத்திப் பிழை காணும் புதிய வண்டிகளிலேயே இளைஞர்களுக்குப் பிழைப்பு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேய்ந்த உறுப்பைக் கண்டால் தூக்கியெறியாமல், அது ஏன் தேய்ந்தது என்று கேட்கும் அறிவு இம்முதியோரோடு போய்விடும் நிலையில் இருக்கிறது. உறுப்புகளை மீண்டும் வார்க்கலாம். இவ்வறிவை வார்க்க அச்சு இல்லை.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்ளுதல் நன்று. தில்லியில் 15 ஆண்டு கடந்த வண்டிகளை விலக்கும் ஆணையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் பிறப்பித்தது. பெட்ரோல் வண்டிகளைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை உறுதிசெய்தது. 2025-இலும் இது பற்றிப் புதிய ஆணைகள் எழுந்தன. தலைநகரின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவர் இவ்விதிகளின் காரணத்தை உணர்வர். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் உள்ள வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகத் தனியே பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். அவ்வண்டிகளைக் கண்காட்சி, தொன்மை வண்டிகளின் அணிவகுப்பு, ஆராய்ச்சி, எண்ணெய் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றிற்காக ஓட்டலாமேயன்றி அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. சட்டகத்தையோ எஞ்சினையோ மாற்றியமைத்தவர் இவ்வாய்ப்பை இழப்பர். மூலத்தை மதிக்க வேண்டும் என்று பற்று கூறுவதையே இங்குச் சட்டமும் கூறுகிறது.

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்குச் சில சொற்கள். ஆர்.சி. புத்தகத்தையும், எஞ்சின் எண், சட்டக எண் ஆகியவற்றையும் முதலில் ஒப்புநோக்குங்கள். பெயிண்ட் பூசுவோர் எண்களைத் தேய்த்துவிடாமல் அருகிருந்து பாருங்கள். இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்த்து டாங்கின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும், பழைய ரப்பர் குழாய்களை ஊறிக் கெடச் செய்யும். ஆகவே பல மாதங்கள் நிறுத்திவைப்பதாயின் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள், குழாய்களை மாற்றிவிடுங்கள். கழற்றிய உறுப்பு எதனையும் எடைக்குப் போடாமல், பெயரெழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். பழைய வண்ணம் தாங்கும் நிலையில் இருந்தால் அதன் மேல் புதிய வண்ணம் பூசாதீர்கள். திருவொற்றியூர் டாங்குகளின் பொன்னிறக் கோடுகள் தூரிகை பிடித்த ஒரு கை வரைந்தவை. அவற்றின் சிறு நெளிவிலும் ஒரு மனிதர் இருக்கிறார்.

இறுதியாக ஒன்று. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இந்தியோ, கன்னடமோ, மராட்டியோ, வங்காளியோ பேசி வாழ்கிறோம். உங்கள் ஊரின் பழைய மெக்கானிக் வேலை செய்யும்போது அருகில் அமருங்கள். அவர் எதை அளந்தார், எதைக் காதால் கேட்டு முடிவு செய்தார், எதைத் தொடாமல் விட்டார் என்பதைக் கேட்டு, அவர் சொல்லும் மொழியிலும் தமிழிலும் எழுதி வையுங்கள். ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு போதும். வண்டியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது, சாவியோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் அக்குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.