எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது யார், விரிப்பைத் துவைப்பது யார்?

(திண்டுக்கல்லில் இளைஞர்கள் நடத்திய வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். சாதி ஒழிப்பு பேச வந்த இடத்தில் மசாஜ் எண்ணெய்க்கு என்ன வேலை? சிகிச்சை மேஜையில் விரித்திருக்கும் ஒரு வெள்ளை விரிப்பின் பின்னாலேயே போவோம். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்போம்.

நம் ஊரில் முதுகுவலி, மூட்டுவலி, பக்கவாதம் என்றால் மக்கள் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, சித்த அல்லது ஆயுர்வேத கிளினிக். அங்கே தொக்கணம், வர்மம், தைலம். பல தைலங்களுக்கு நல்லெண்ணெய்தான் அடிப்படை. சிலவற்றில் விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் சேரும். இன்னொன்று பிசியோதெரபி சென்டர். அங்கே பவுடர், கிரீம், லிக்விட் பாரபின், அல்ட்ராசவுண்ட் மெஷினுக்குத் தடவும் ஜெல். நோயாளியின் உடம்பில் எது படுகிறதோ அது விரிப்பிலும் துண்டிலும் தலையணை உறையிலும் படும். அந்த நிமிடத்தோடு அது மருத்துவரின் கவலையாக இருப்பது முடிந்துபோகிறது. துவைப்பவரின் கவலையாக மாறுகிறது.

துவைப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றல்ல. ஜெல் தண்ணீரில் கரைந்து போய்விடும். கிரீமில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருப்பதால் பெரும்பாலும் சோப்புக்கு அடங்கும். பவுடர் உதறினாலே பாதி போய்விடும். எண்ணெய் அப்படி அல்ல. நல்லெண்ணெய் காற்றோடு சேர்ந்து நாளாக நாளாக இறுகும், மஞ்சளாகும், சிக்கு வாடை அடிக்கும். தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது. எண்ணெய் எவ்வளவு எளிதில் காற்றோடு வினைபுரியும் என்பதைக் காட்ட வேதியியலில் அயோடின் எண் என்று ஓர் அளவு உண்டு. தேங்காயெண்ணெய்க்கு அது சுமார் 6 முதல் 10, நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல். அரைகுறையாக எண்ணெய் போன துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால், மிச்சமிருக்கும் எண்ணெய் இழையோடு ஒட்டிப் பழுப்புக் கறையாக நின்றுவிடும். பிறகு எதற்கும் போகாது.

ஆனால் செடியிலிருந்து வரும் எண்ணெய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. சூடும் காரமும் சேர்ந்தால் அது சோப்பாகவே மாறும். நம் முன்னோர் உவர்மண்ணைக் கரைத்து, துணியை அதில் தோய்த்து வெள்ளாவி வைத்தது இந்த அறிவால்தான். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. லிக்விட் பாரபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது கெட்டுப்போகாது, வாடை வராது, விலையும் குறைவு. ஆனால் சோடாவுக்கு மசியாது, சோப்பாக மாறாது. சுடுதண்ணீரும் நல்ல டிடர்ஜென்ட்டும் வைத்து மல்லுக்கட்டித்தான் அதை வெளியே எடுக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை நான் முதலில் படித்தது புத்தகத்தில் அல்ல. என் அம்மா திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஊர்ச் சலவை செய்தவர். வீடு வீடாகப் போய் அழுக்கெடுத்து, ராச்சோறு வாங்கி வந்த வீடு எங்களுடையது. அந்தச் சோற்றுச் சட்டியிலிருந்து தப்பிக்கத்தான் அம்மா டவுனுக்கு வந்து, ஒரு கிளினிக்கின் துணிகளை எடுத்துத் துவைக்கத் தொடங்கினார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவர் ஐந்து நிமிடம் படுத்து எழுந்த விரிப்பும் ஓர் உருப்படி. முக்கால் மணி நேரம் தைலம் ஊறிய விரிப்பும் ஓர் உருப்படி.

ஒருமுறை அங்கே எண்ணெயை மாற்றினார்கள். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. துணியைத் தொட்டதும் அம்மாவே சொன்னார்: "இது செக்குல ஆட்டுன எண்ணெய் இல்லடா. வண்டிக்குப் போடுற எண்ணெய் மாதிரி இருக்கு." வழக்கமான சோடா வேலை செய்யவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போட்டார். பிளீச் நிறத்தை வெளுக்குமே தவிர எண்ணெயை எடுக்காது, நூலையும் இற்றுப்போகச் செய்யும். விரிப்பு கிழிந்தது, அம்மாவின் விரலிடுக்கு வெடித்தது. கறை போகவில்லை, துணி கிழிந்துவிட்டது என்று கூலியில் பிடித்தார்கள். எண்ணெயை மாற்றியதில் மிச்சமான காசு கிளினிக்குக்கு. அதற்கான செலவு அம்மாவுக்கு.

என் ஆய்வு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். சிகிச்சை அறை அதை அப்படியே காட்டுகிறது. மேலே முடிவு எடுக்கிறார்கள். முடிவின் பளு படிப்படியாகக் கீழே இறங்கி, கேள்வி கேட்க முடியாத ஒரு கையில் வந்து நிற்கிறது.

அந்தக் கை யாருடையது என்பதும் தற்செயல் அல்ல. பிரசவத் துணியையும் மாதவிலக்குத் துணியையும் 'தீட்டு' என்று ஊர் ஒதுக்கியது. அதைத் தொட்டுத் துவைக்க மட்டும் ஒரு சாதியை வைத்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கும் துவைக்கப் புதிரை வண்ணார் என்று இன்னும் ஒரு படி கீழே வைத்தது. அவர்களைப் பகலில் கண்ணில் படவே விடாத ஊர்கள் இருந்தன. வண்ணார் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி, மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். புதிரை வண்ணார் பட்டியல் சாதி. அவர்களுக்கென்று 2009இல் தனி நல வாரியம் வந்தது. அரசுப் பட்டியலில் இடம் மாறலாம், வந்து சேரும் அழுக்கு மூட்டை மாறவில்லை.

சரி, மெஷின் வந்துவிட்டதே என்பீர்கள். மெஷினுக்கும் எண்ணெய் எண்ணெய்தான். எண்ணெய் ஏறிய துணியை டிரையரில் உலர்த்தி, சூடு ஆறும் முன் மடித்து அடுக்கினால், மிச்சமிருக்கும் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மேலும் சூடாகும். சூடு வெளியேற வழியில்லாமல் அடுக்கே தானாகத் தீப்பிடிக்கவும் கூடும். வெளிநாடுகளில் மசாஜ் துண்டுகளால் இப்படித் தீ விபத்துகள் நடந்து, தீயணைப்புத் துறையினர் எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது எண்ணெயைத் தேர்ந்தெடுத்தவர் அல்ல.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் போர்வெல் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் துணியிலேயே ஒட்டும். அதற்கு மேல் தோல் ஷெட்டுகளின் கழிவு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது கைவைத்த தோல் தொழில் மாவட்டங்களில் நம் மாவட்டமும் ஒன்று. கிணறும் ஆறும் கெட்ட ஊரில் சலவைத் தொழிலாளி நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார். எண்ணெய்த் துணியை இரண்டு தடவை கூடுதலாக அலசினால் அந்தத் தண்ணீர்க் காசும் அவர் கூலியிலிருந்துதான் போகும்.

"தைலம்தான் மருந்து, அதை மாற்ற முடியுமா?" என்று சித்த மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதரே சித்த மருத்துவர்தான். அந்த மருத்துவத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தைலச் சிகிச்சைக்கு மரப்பலகையும் மரத்தொட்டியும்தான் பழைய ஏற்பாடு. வழிகிற எண்ணெய் பலகையில் வழியும், துணியில் ஊறாது. வெள்ளை விரிப்பு மருந்தல்ல. சுத்தமான இடம் என்று நோயாளிக்குக் காட்டுகிற அலங்காரம். அந்த வெண்மைக்குப் பின்னால் இருப்பவரின் பெயர் ரசீதில் வராது.

ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் விரிப்பு வாங்கலாமே என்பது இன்னொரு யோசனை. எறிந்த விரிப்பு எங்கே போகிறது? தூய்மைப் பணியாளரின் வண்டிக்கு. கறையை ஒரு சாதியின் கையிலிருந்து எடுத்து இன்னொரு சாதியின் கையில் வைப்பது தீர்வு ஆகாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? செலவில்லாத வேலைகள் முதலில். எண்ணெய்ச் சிகிச்சையைப் பலகையிலோ ரெக்சின் உறையிலோ செய்யலாம். நோயாளி எழும் முன் பயத்தமாவு தேய்த்து எண்ணெயை வழித்தெடுக்கலாம். எண்ணெய்த் துணியைத் தனி மூட்டையாக, அன்றன்றே, என்ன எண்ணெய் என்று சொல்லி அனுப்பலாம். பாலியஸ்டர் கலந்த துணி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காரத்தையும் கொதியையும் தாங்கும் பருத்தி விரிப்பையே வாங்கலாம்.

அடுத்தது காசு. எண்ணெய்த் துணிக்குத் தனிக் கூலி வேண்டும். சோப்பு, தண்ணீர், கையுறைச் செலவு கிளினிக்குடையது. கறைக்காகக் கூலியில் பிடிப்பது நிற்க வேண்டும். சிகிச்சைக் கட்டணத்தில் தைலத்துக்கு ஒரு வரி இருப்பதுபோல் சலவைக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். எண்ணெயை மாற்றும் முன் துவைப்பவரைக் கேளுங்கள். எது போகும், எது போகாது என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு மரியாதை கொடுப்பது என்றால், அதைப் புகழ்ந்து பேசி அவர் பிள்ளைகளையும் அதே துறையில் நிறுத்தி வைப்பது அல்ல. முடிவெடுக்கும் மேஜையில் அவருக்கு நாற்காலி போடுவது. வேண்டாம் என்று அவர் அந்த வேலையை விட்டுப் போகவும் வழி இருப்பது.

இங்கே மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங் படிக்கும் தோழர்கள் இருக்கிறீர்கள். நாளை நீங்கள் கிளினிக் வைப்பீர்கள். எண்ணெய் பாட்டிலை வாங்கும்போது விலையைப் பார்ப்பீர்கள், நோயாளிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பீர்கள். இந்த விரிப்பை நானே துவைப்பதாக இருந்தால் இதை வாங்குவேனா என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.