அரை மணி தமிழ், அரை மணி மலையாளம்



1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் அமைந்தபொழுது தேவிகுளமும் பீருமேடும் அதிலேயே நின்றன; சென்னை மாநிலத்திலிருந்த பாலக்காடும் வந்து சேர்ந்தது. இரு மொழிகளுக்கிடையே வாழும் நமக்குப் பேச்சில் குறையில்லை, எழுத்திலேதான் இடர். தமிழ் வழியிற் பயின்ற மூணாற்று மாணவன், கல்லூரியில் மலையாள விண்ணப்பம் எழுத இயலாது விழிக்கின்றான். மலையாள வழியிற் பயின்ற நம் காலனி மாணவியோ, பாட்டியின் தமிழ்க் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கின்றாள். (கடிதம் எழுதும் பாட்டிமார் இன்னும் எத்தனை நாள் இருப்பர்?)

இவ்விருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகலாமே! 1990-களில் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழகம் முன்னின்று, வெவ்வேறு நாட்டு மாணவரை மின்னஞ்சல் வழி இவ்வாறு இணைத்தது. பாதி ஒருவர் மொழி, பாதி மற்றவர் மொழி என்பதே ஒப்பந்தம். எதனைக் கற்பது, எப்பிழையைத் திருத்துவது என்பவற்றைக் கற்பவரே தீர்மானிப்பர். பிரம்பும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசியே போதும். அரை மணி தமிழில் எழுதுக. அரை மணி மலையாளத்தில் எழுதுக. ‘வெள்ளம்’ என்று ஒருவர் எழுத, குடிநீரா, ஆற்றுப் பெருக்கா என மற்றவர் வினவினால், அவ்வினாவே அன்றைய பாடம். ஒன்றில் மட்டும் நாம் கண்டிப்பாயிருப்போம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் வழக்கம் இங்குக் கூடாது. அதனால் பாட்டியின் கடிதம் படிக்கப்படாமலேயே கிடக்கும்.

விரும்பும் மாணவர் இன்றிரவே நம் செயலாளரிடம் பெயர் தருக. மூணாற்றிலுள்ள உறவினர் வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் பேசி இணைத்து வைப்போம்.