ரிசர்வ் சைட்டில் ஓர் அத்திமரம்

வானொலி மறையுரை – தவக்காலம் 3ஆம் ஞாயிறு
நற்செய்தி: லூக்கா 13:1-9



இன்றைய நற்செய்தியில் இயேசு ஓர் உவமை சொல்கிறார். ஒருவர் தம் திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் வைத்திருந்தார். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. நிலம் எதற்கு வீணாக வேண்டும், வெட்டிவிடலாம் என்று தோட்டத் தொழிலாளரிடம் சொன்னார். அந்தத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்டார். மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு போடுவது தம் பொறுப்பு என்றும் சொன்னார்.

இந்த உவமையை நாம் வழக்கமாக நம் ஆன்ம வாழ்வோடு பொருத்தித் தியானிக்கிறோம். அது சரிதான். இன்றைக்கு இதே உவமையோடு நம் வீதிக்குப் போய்ப் பார்ப்போம்.

திருமுருகன்பூண்டியிலிருந்து அவிநாசி பக்கம் போனாலும், அனுப்பர்பாளையம் பக்கம் வந்தாலும், ஒரு காலத்தில் சோளம் விளைந்த காடுகள் இன்று வீட்டுமனைகளாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது, சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் நாம் ‘ரிசர்வ் சைட்’ என்கிறோம். பூங்காவுக்கும், பிள்ளைகள் விளையாடவும் என்று கொடுக்கப்பட்ட இடம் அது.

அந்த இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது? பல இடங்களில் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. இடித்த வீட்டின் செங்கல், கட்டிங் வேஸ்ட் மூட்டை, காலி பாட்டில். இரவானால் வேஸ்ட் துணியைக் கொளுத்தும் புகை.

வீடு மந்திரிக்கப் போன இடத்தில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “பள்ளிக்கூடம் விட்டு வந்தா ரெண்டு பசங்களையும் உள்ளே வெச்சுப் பூட்டிக்கச் சொல்லியிருக்கேனுங்க சாமி. ரோட்டுல லாரி. காலி இடத்துல பாம்பு. நான் வர எட்டு மணி ஆயிடும்.” அவர்கள் குடியிருப்பது லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை. தெருமுனையிலேயே பிள்ளைகளுக்கென்று தானமாகக் கொடுத்த இடம் இருக்கிறது. பிள்ளைகள் பூட்டிய கதவுக்குள் இருக்கிறார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் இதைத் தொட்டுப் பேசுகிறார். நகரங்களில் அழகான பசுமை இடங்கள் வசதியுள்ளவர்களின் காவல் போட்ட குடியிருப்புகளுக்குள் இருக்கின்றன, சமுதாயம் ஒதுக்கிவைத்தவர்கள் வாழும் பகுதிகளில் அவை இல்லை என்று வருந்துகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும், தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் பிழைக்க வந்தவர்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. அவர்களுக்கு இருப்பது பொது இடம் ஒன்றுதான்.

“இந்த இடம் ஏன் சும்மா கிடக்க வேண்டும்?” உவமையில் தோட்டக்காரர் கேட்ட இந்தக் கேள்வியை நம் ஊரிலும் கேட்கிறார்கள். உடனே பதிலும் வருகிறது: கட்டடம் கட்டலாம், மண்டபம் கட்டலாம், வண்டி நிறுத்தலாம். நோக்கம் நல்லதாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு நல்ல நோக்கமும் ஒரு மூலையை எடுத்துக்கொண்டால், கடைசியில் பிள்ளைகளுக்கு மூலை மிஞ்சாது.

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய ஓர் இடத்தை, மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அங்கு குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991இல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் பூங்கா நிலம் பூங்காவாகவே இருக்க வேண்டும், அதைக் கேட்கும் உரிமை அங்கு குடியிருக்கும் மக்களுக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அன்பானவர்களே, இனி நம் வீட்டுப் பக்கம் வருகிறேன். அன்பியக் கூட்டம் ஒன்றில் ஒரு யோசனை வந்தது. “சாமி, அந்த ரிசர்வ் சைட்டில் ஒரு மாதா கெபி வைத்துவிட்டால், அப்புறம் யாரும் குப்பை கொட்ட மாட்டாங்க.” சொன்னவரின் மனம் நல்ல மனம். ஆனால் பங்குத்தந்தையாக என் பதில்: வேண்டாம். பொதுத் தெரு, பொதுப் பூங்கா ஆகியவற்றில் கோயில், ஆலயம், மசூதி, குருத்வாரா என்ற பெயரில் அனுமதியில்லாமல் புதிதாக எதையும் கட்டவிடக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். நாம் ஒரு மூலையில் கெபி வைத்தால், அடுத்த மூலையில் அடுத்தவர் ஒன்று வைப்பார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்குள் நுழைய வேறு வீட்டுப் பிள்ளை தயங்கும். எல்லாருக்கும் என்று தானம் எழுதிய நிலத்தில் ஒரு பிள்ளையைத் தயங்க வைத்து மாதாவுக்கு வணக்கம் செலுத்த முடியாது. நம் கெபி ஆலய வளாகத்திலேயே இருக்கட்டும்.

அப்படியானால் என்ன செய்வது? உவமையில் வரும் தொழிலாளரைப் பாருங்கள். மரம் அவருடையதல்ல, தோட்டமும் அவருடையதல்ல. கனி கிடைத்தாலும் அவருக்கு இல்லை. அப்படியிருந்தும் அவர் ஓர் ஆண்டு உழைப்பைத் தருவதாகச் சொல்கிறார். பாழ்பட்ட பொது இடங்களுக்கு இன்று குறைவாக இருப்பது பணமோ மரக்கன்றோ இல்லை. “ஓர் ஆண்டு கொடுங்கள், நான் கொத்துகிறேன்” என்று முன்வரும் ஆள்தான் குறைவு.

அப்படி முன்வந்தால் நிலம் திரும்பி வரும். சென்னை அடையாறு முகத்துவாரத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, அந்த மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளை நட்டார்கள். 2011இல் திறக்கப்பட்ட அந்த இடம்தான் தொல்காப்பியப் பூங்கா. நம் மாவட்டத்திலேயே 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் லட்சக்கணக்கான மரங்களை வளர்த்திருக்கிறது. நம் பூண்டி வழியாகப் போகும் நல்லாறு சேரும் நஞ்சராயன் குளத்தை நினைத்துப் பாருங்கள். அது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நம் தெருவில் கொட்டும் குப்பை மழையில் அடித்துக்கொண்டு போனால், அந்தப் பறவைகளின் குளத்தில்தான் போய்ச் சேரும்.

இந்தத் தவக்காலத்தில் நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ரிசர்வ் சைட் எங்கே, எவ்வளவு, தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அளந்து கல் நட்டு வேலி போடச் சொல்லி வார்டு கவுன்சிலரிடமும் ஆணையரிடமும் மனு கொடுங்கள். இடம் நகராட்சியுடையது, ஆகவே அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம். மக்கள் ஒரு பங்கு பணம் போட்டால் அரசு மீதியைச் சேர்க்கும் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது.

இரண்டாவது, இந்த மனுவில் நம் சபைப் பெயர் தனியாக வேண்டாம். தெருவில் உள்ள எல்லா மதத்தாரும், லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் கையெழுத்துப் போடட்டும். அவர்களுக்குத்தான் அந்த இடம் அதிகம் தேவை.

மூன்றாவது, வெயில் காலத்தில் மரம் நடும் விழா வைக்காதீர்கள். கோடையில் குப்பையை அகற்றுவோம், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்போம். ஆடியில் குழி எடுத்து எரு போடுவோம். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன் வேம்பு, புங்கன், நாவல், பூவரசு என்று நம் மண்ணுக்குப் பழகியதை நடுவோம். தினமும் தண்ணீர் கேட்கும் புல்தரை நம் வறண்ட பூமிக்குத் தாங்காது. நடுவில் பிள்ளைகள் ஓட மண் தரை போதும். ஓரத்தில் வயதானவர்கள் உட்கார இரண்டு கல் பெஞ்சு.

நான்காவது, ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீட்டின் பெயர் எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று கோடைக்கு அந்த வீடுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். நட்ட அன்று எடுத்த போட்டோவை நம்பி எந்த மரமும் வளர்வதில்லை.

இயேசு அந்த உவமையை முடிக்காமல் விடுகிறார். அடுத்த ஆண்டு மரம் காய்த்ததா என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது மண்வெட்டி எடுத்தவர்கள்தான். அடுத்த தவக்காலத்தில், அந்தப் பூட்டிய கதவைத் திறந்து அந்த இரண்டு பிள்ளைகள் மாலையில் ஓடிப் போக ஓர் இடம் இருக்குமா? பதில் நம் கையில் இருக்கிறது.

செபிப்போம். படைப்பின் இறைவா, எல்லாருக்கும் என்று நீர் தந்த நிலத்தை எல்லாருக்கும் என்றே காக்கும் மனத்தையும், ஓர் ஆண்டு உழைக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.