எபிசோட் 37: வெளுத்துப் போன பம்பரும் ஒரு மக் தண்ணியும்

இன்னைக்கு என்ஜின், மைலேஜ் எதுவும் பேசப்போறதில்ல. காரோட கருப்பு பிளாஸ்டிக் பத்தித்தான் முழு எபிசோடும். பம்பரோட கீழ்ப்பகுதி, வீல் ஆர்ச்சைச் சுத்தி வர்ற கிளாடிங், கதவுல ஓடுற பட்டை, வைப்பருக்குக் கீழ இருக்கிற தட்டு, ரூஃப் ரெயில். வாங்கும்போது கரிக்கட்டை மாதிரி கருப்பா இருக்கும். அஞ்சாறு வருஷம் திறந்தவெளி பார்க்கிங்ல நின்னா சாம்பல் நிறத்துக்கு வந்துடும். பெயிண்ட் எவ்வளவு பளபளப்பா இருந்தாலும், இந்த ஒண்ணாலேயே வண்டி கிழடு தட்டின மாதிரி தெரியும்.

இதுக்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க. தேங்காய் எண்ணெய் தடவு, ஷூ பாலிஷ் போடு, ஹீட் கன் காட்டு, புது பம்பரே மாத்திடு. இதுல எது வேலை செய்யும், எவ்வளவு நாளைக்கு நிக்கும்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும். அதுக்குத் தேவையானது ஒரு மக் தண்ணி.

முதல்ல டெஸ்ட்

வெளுத்த இடத்துல கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க. ஊத்தின உடனே அந்த இடம் மறுபடி கருப்பாகும். அஞ்சு நிமிஷத்துல தண்ணி காய்ஞ்சதும் திரும்ப சாம்பல் நிறம் வந்துடும். அப்போ கருப்பு நிறம் எங்கேயும் போகல, உள்ளேயேதான் இருக்கு. கண்ணுக்கு அதை மறைக்கிறது வேற ஏதோ.

அது என்னன்னு பார்ப்போம். இந்த பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். வண்டியில கழட்டின பாகம் ஏதாவது கிடைச்சா பின்பக்கம் திருப்பிப் பாருங்க, 'பிபி'ன்னு ஆங்கில எழுத்துல அச்சு குத்தியிருக்கும். விலை குறைவு, எடை குறைவு, லேசா இடிச்சாலும் உடையாம வளைஞ்சு கொடுக்கும். அதனாலதான் கார் கம்பெனிகளுக்கு இது பிடிக்கும். ஆனா இதுக்கு ஒரு பலவீனம் உண்டு. புற ஊதாக் கதிரும் காற்றுல இருக்கிற ஆக்ஸிஜனும் சேர்ந்து இதோட நீளமான மூலக்கூறு சங்கிலிகளை வெட்டிடும். இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே கார்பன் கருப்பும் சில பாதுகாப்பு ரசாயனங்களும் கலக்கிறாங்க. அந்த ரசாயனம் மேற்பரப்புல வருஷக்கணக்கா செலவாகி, ஒரு கட்டத்துல தீர்ந்து போகுது. அதுக்கப்புறம் மேல் தோல்ல கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் விழும்.

அந்த வெடிப்புக்குள்ள இருக்கிறது காற்று. காற்றோட ஒளிவிலகல் எண் 1, பிளாஸ்டிக்கோடது சுமார் 1.49. இந்த இடைவெளி பெருசா இருக்கிறதால, ஒவ்வொரு வெடிப்புலயும் வெளிச்சம் சிதறுது. சிதறின வெளிச்சம் நமக்கு வெள்ளையா தெரியுது. நொறுக்கின ஐஸ் ஏன் வெள்ளையா இருக்கோ, அதே காரணம்தான். தண்ணியோட எண் 1.33. அது வெடிப்புக்குள்ள புகுந்ததும் இடைவெளி குறைஞ்சு, சிதறல் குறைஞ்சு, அடியில இருக்கிற கருப்பு வெளியே தெரியுது.

இதுதான் இந்த எபிசோடோட மொத்த விஷயம். கடையில விக்கிற டிரெஸ்ஸிங், சிலிக்கோன் ஸ்ப்ரே, கோட்டிங், உங்க சமையலறை தேங்காய் எண்ணெய், எல்லாமே அந்த ஒரு மக் தண்ணி செய்யிற வேலையைத்தான் செய்யுது. எவ்வளவு நாள் அங்கேயே தங்குது, போகும்போது என்ன கெடுதல் பண்ணிட்டுப் போகுது, இதுலதான் வித்தியாசம். அறுந்து போன சங்கிலியை எதுவுமே திரும்ப ஒட்ட வைக்காது.

எல்லா வெள்ளையும் ஒண்ணு இல்ல

பொருள் வாங்குறதுக்கு முன்னாடி, உங்க வண்டியில இருக்கிறது உண்மையிலேயே வெயில் வெளுப்புதானான்னு பாருங்க. கோடிங்ல பக் பார்க்கிற மாதிரிதான், காரணம் தெரியாம ஃபிக்ஸ் போடக் கூடாது. இதே மாதிரி தெரியிற வெள்ளை இன்னும் ரெண்டு வகை இருக்கு.

ஒண்ணு, பாலிஷ் கறை. பெயிண்டுக்கு வேக்ஸ் போடும்போது பக்கத்து பிளாஸ்டிக்கோட சொரசொரப்புல அது ஒட்டிக் காய்ஞ்சிருக்கும். பெயிண்டும் பிளாஸ்டிக்கும் சந்திக்கிற ஓரத்துல மட்டும் வெள்ளைக் கோடா இருந்தா இதுதான். பழைய டூத் பிரஷ்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு தேய்ச்சா வந்துடும்.

ரெண்டாவது, உப்புத் தண்ணிக் கறை. நம்ம ஊர்ல நிறைய அபார்ட்மெண்ட்ல காரைக் கழுவுறது போர் தண்ணியிலதான். துடைக்காம வெயில்ல காய விட்டா சுண்ணாம்பு வட்ட வட்டமா படியும். ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணி கலந்து, துணியில நனைச்சு, ரெண்டு மூணு நிமிஷம் அந்த பிளாஸ்டிக் மேல வச்சுட்டு நல்ல தண்ணியால கழுவுங்க. பெயிண்ட் மேல வழிய விடாதீங்க.

இந்த ரெண்டுலயும் போகாம, ஒரே சீரா சாம்பலா இருந்து, தண்ணி பட்டா மட்டும் கருப்பாகுதுன்னா அது வெயில் வெளுப்பு.

சுத்தம் பண்றதுதான் முக்கால்வாசி வேலை

வண்டி நிழல்ல நிக்கணும், பிளாஸ்டிக் கைவச்சா சூடு தெரியக் கூடாது. முதல்ல கார் ஷாம்பு. அப்புறம் ஆல் பர்பஸ் கிளீனரை பாட்டில்ல சொல்லியிருக்கிற அளவுக்கு நீர்க்கக் கலந்து, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல சின்னச் சின்ன வட்டமா தேய்ங்க. அழுக்கு சொரசொரப்போட பள்ளத்துக்குள்ள இருக்கும், துணியால மட்டும் துடைச்சா வராது. கிளீனர் காயிறதுக்குள்ள கழுவிடணும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வேண்டவே வேண்டாம், அது போடுற கீறல் நிரந்தரம். பெட்ரோல், தின்னர் ரெண்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கையும் ரப்பர் பீடிங்கையும் கெடுக்கும், தீப்பிடிக்கிற ஆபத்து வேற.

கழுவின பிறகு தண்ணி தெளிச்சுப் பாருங்க. முத்து முத்தா உருண்டா, பழைய சிலிக்கோன் இன்னும் ஒட்டியிருக்குன்னு அர்த்தம். மறுபடி சுத்தம் பண்ணுங்க. தண்ணி பரவலா படிஞ்சா ரெடி. நல்லா காயவிட்டு, கடைசியா மருந்துக்கடையில கிடைக்கிற 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால ஒரு தடவை துடைங்க. காத்தோட்டமான இடம், கையுறை, பக்கத்துல நெருப்பு கூடாது.

எதைப் போடுறது?

எண்ணெய் வகையறா: போட்ட உடனே அழகா இருக்கும். காயாது, அதனால தூசி எல்லாம் வந்து ஒட்டும். வெயில்ல இளகி பெயிண்ட் மேல வழியும். ஒரு மழையில போயிடும்.

டிரெஸ்ஸிங்: தண்ணி அடிப்படையிலானது பிசுபிசுப்பு குறைவு, தடவுறது சுலபம். சில வாரம் நிக்கும். மாசத்துக்கு ஒரு தடவை கார் கழுவுறது உங்களுக்குப் பிடிச்ச வேலைன்னா இதுவே போதும்.

டிரிம் கோட்டிங்: இது வெடிப்புக்குள்ள போய் இறுகிடும். நல்லா சுத்தம் பண்ணிப் போட்டா மாசக்கணக்குல நிக்கும். சில சொட்டு விட்டு, ஒரு சாண் அளவுக்குத் தடவி, மிச்சத்தை உடனே மைக்ரோஃபைபர் துணியால துடைச்சிடணும். விட்டா திட்டுத் திட்டா காயும். லேபிள்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் தண்ணி படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில வானத்தைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

ஹீட் கன்: வீடியோல மாயாஜாலம் மாதிரி இருக்கும். மேல் தோல் இளகி வெடிப்பு மூடிக்குது. ஆனா பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரி சுமாருக்கே உருக ஆரம்பிக்கும். ஹீட் கன் 500 டிகிரி வரைக்கும் போகும். ஒரு நொடி அதிகமா நின்னா சொரசொரப்பு அழிஞ்சு வழவழப்பா ஒரு தழும்பு விழும். பக்கத்துல பெயிண்ட், பார்க்கிங் சென்சார் எல்லாம் இருக்கு. செலவான பாதுகாப்பு ரசாயனமும் திரும்ப வராது, அதனால மறுபடி வெளுக்கும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இது எதையுமே ஸ்டீரிங், பெடல் மேல தடவாதீங்க, வழுக்கும். டேஷ்போர்டுல பளபளப்பா போட்டா வெயில்ல கண்ணாடியில பிரதிபலிச்சு ரோடு மறையும்.

விக்கும்போது என்ன பண்றது?

நான் இதுல இறங்கினதுக்குக் காரணம் அப்பாவோட வண்டி. 11 வருஷம் தெருவோரம் நின்ன ஹேட்ச்பேக். விக்கலாம்னு முடிவு பண்ணோம். பார்க்க வந்த புரோக்கர் என்ஜினைத் திறக்கறதுக்கு முன்னாடியே பம்பரைக் காட்டி, "வண்டி வெயில்லயே கிடந்திருக்கு சார்"னு சொல்லி 15,000 ரூபாய் குறைச்சார். அப்பா ரிட்டயர் ஆகியிருந்த நேரம், அது எங்களுக்குச் சின்னத் தொகை இல்ல. புது பம்பரும் கிளாடிங்கும் மாத்த விசாரிச்சா, அதுக்கு மேலயே ஆகும் போல இருந்தது. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் உட்கார்ந்து, இப்போ சொன்ன வரிசையில செஞ்சோம். கோட்டிங் உட்பட செலவு ஆயிரத்துக்குள்ள.

அடுத்த வாரம் ஒரு தம்பதி வந்தாங்க. வண்டி புதுசு மாதிரி இருக்குன்னு சந்தோஷமா சொன்னாங்க. அப்பா போனை எடுத்து, கோட்டிங் போடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவைக் காட்டினார். "பிளாஸ்டிக் வெளுத்திருந்ததும்மா. பையன் மருந்து போட்டிருக்கான். ஒரு வருஷம் கழிச்சு திரும்பப் போடணும், பாட்டில்ல மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

அவங்க போன பிறகு கேட்டேன், எதுக்குப்பா இதெல்லாம்னு. "நாம அழகு பண்ணிக் குடுக்கிறது சரிடா. வெயில்லயே நிக்காத வண்டின்னு அவங்க நினைச்சுக்கிட்டுப் போனா அது வேற"ன்னார். அவங்க ரெண்டு நாள் கழிச்சு வந்து, நாங்க கேட்டதுல 5,000 குறைச்சு வாங்கிட்டுப் போனாங்க. பாட்டிலையும்தான்.

அப்பா சொன்னதுல டெக்னிக்கலாவும் ஒரு உண்மை இருக்கு. பிளாஸ்டிக் வெளுத்திருக்குன்னா, அதே வெயில் கதவு ரப்பர், வைப்பர், டயர் பக்கச் சுவர் எல்லாத்து மேலயும் விழுந்திருக்கு. அதனால செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க ரெண்டு விஷயம் பண்ணுங்க. வெள்ளை டிஷ்யூவால பம்பரை அழுத்தித் துடைச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு வந்தா நேத்து போட்ட டிரெஸ்ஸிங். அப்புறம் வைப்பருக்குக் கீழ இருக்கிற தட்டு, ரூஃப் ரெயில் ரெண்டையும் பாருங்க. அவசரத்துல பளபளப்பாக்குறவங்க பெரும்பாலும் அங்க கை வைக்க மாட்டாங்க. அதுக்காக வண்டியை வேண்டாம்னு ஒதுக்கணும்னு இல்ல. ரப்பரையும் டயரையும் நல்லா பார்த்துட்டு விலை பேசுங்க.

வண்டியை வச்சுக்கப் போறவங்களுக்கு: நிழல்ல நிறுத்துங்க, இல்லன்னா கவர் போடுங்க. வெடிப்பு விழாம தள்ளிப்போடுறது அது மட்டும்தான். விழுந்த பிறகு நாம பண்றதெல்லாம் நிரப்புறது, அது கரைஞ்சதும் திரும்ப நிரப்புறது.

உங்க வண்டியில எந்த வெள்ளைன்னு டெஸ்ட் பண்ணிட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல மஞ்சளாகிப் போன ஹெட்லைட். அது பாலிகார்பனேட், இதுல சொன்ன எதையும் அதுல போடாதீங்க, ஒரு வாரம் பொறுங்க.